வரித் துறைக்குள் ஆய்வுப் பிரிவு: தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டுக்கான வருமான வரிக் கணக்குகள் வந்து சேர்ந்தபோது, முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 லட்சம் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். போரும் காரணமில்லை, கொள்ளைநோயும் காரணமில்லை. அதுவரை, தன்னைச் சார்ந்து வாழும் பிள்ளை என்று யார் பெயரை எழுதினாலும் வரிச்சலுகை கிடைத்தது, ஆதாரம் கேட்பாரில்லை. 1986-இல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம், ஐந்து வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும், அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண்ணைப் படிவத்தில் குறிப்பிடச் சொன்னது. அவ்வளவுதான். மறைந்துபோன எல்லாப் பெயர்களும் பொய் அல்ல. பிரிந்து வாழும் தாயும் தந்தையும் ஒரே பிள்ளையை இருவர் கணக்கிலும் காட்டியது, எண் வாங்காமலே விட்டது, இல்லாத பிள்ளையைப் படைத்து எழுதியது என எல்லாம் அதில் கலந்திருந்தன.

அந்த யோசனையைத் துறைக்குள்ளேயே முன்வைத்தவர் அங்கு வேலை பார்த்த ஓர் ஆய்வாளர். குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டுத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை ஆராய்ந்தபோது, சார்ந்து வாழ்வோர் சலுகையில் பொய் மலிந்திருப்பதைக் கண்டார். எண் கேட்டால் போதும் என்று எழுதினார். அந்தக் குறிப்பு சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, பிறகுதான் சட்டமானது. வீடு வீடாகச் சென்று இதைக் கண்டுபிடிக்க எத்தனை தணிக்கையாளர்கள் தேவைப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு வரித் துறைக்குத் தான் பிடித்தவர்களைத் தெரியும். தான் பார்க்காமல் விட்டவர்களைத் தெரியாது. பார்க்காமல் விட்ட பக்கத்தை முறையாகப் பார்ப்பதுதான் உள்ளக ஆய்வுப் பிரிவின் வேலை. அப்படியொரு பிரிவைத் தொடங்கும் பொறுப்போ, இருக்கும் பிரிவைச் சீர்செய்யும் பொறுப்போ உங்களிடம் வந்திருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது.

படி 1: முடிவுக்காகக் காத்திருக்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

புதிய ஆய்வுப் பிரிவுகள் பல கணினியிலிருந்து தொடங்குகின்றன. மென்பொருள் வாங்கி, சேவையகம் நிறுவி, வண்ண வண்ண வரைபடங்களைத் திரையில் ஓடவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, "இதை வைத்து எந்த முடிவை மாற்றினோம்?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

தணிக்கை, வசூல், மேல்முறையீடு, சேவை மையம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களோடு தனித்தனியாக உட்காருங்கள். இரண்டே கேள்விகள் போதும். அடுத்த 12 மாதங்களில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு எது? எது தெரியவந்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த ஆய்வை இப்போது தொடங்க வேண்டாம்.

"சிறு வணிகர்களின் வரி இணக்கம்" என்பது தலைப்பு; அது கேள்வி ஆகாது. "பதிவு செய்த முதல் ஆண்டிலேயே கணக்குத் தாக்கல் செய்வதை நிறுத்திவிடும் வணிகர்களைத் திரும்பக் கொண்டுவரத் தொலைபேசி அழைப்பு தேவையா, கடிதமே போதுமா?" என்பது கேள்வி. அதன் பதிலைப் பொறுத்து ஒருவர் ஆட்களையும் பணத்தையும் இடம் மாற்றுவார். ஆண்டுக்கு நான்கைந்து கேள்விகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

படி 2: பிரிவு யாருக்குக் கீழே, யார் யாரைக் கொண்டு?

தணிக்கைப் பிரிவுக்குக் கீழே ஆய்வை வைத்தால், தணிக்கையில் வீணாகும் உழைப்பைப் பற்றி அது எழுதாது. தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குக் கீழே வைத்தால், அறிக்கை தயாரிக்கும் கூடமாக மாறிவிடும். துறைத் தலைவருக்கோ அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கோ நேரடியாகப் பதில் சொல்லும் இடத்தில் வையுங்கள். கசப்பான முடிவை மேலிடத்துக்கு எழுதி அனுப்பும் உரிமை, பிரிவைத் தோற்றுவிக்கும் ஆணையிலேயே இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி, தலைவர் மாறும் நாளில் காணாமல் போய்விடும்.

மூன்று வகை ஆட்கள் வேண்டும். புள்ளியியலோ பொருளியலோ படித்தவர், தரவுத்தளத்தில் கைதேர்ந்தவர், களத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த வரி அலுவலர். மூன்றாமவரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் தாக்கல் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்திருப்பதைக் கண்டு புள்ளியியலாளர் புதுக் கோட்பாடு கட்டிக்கொண்டிருக்கும்போது, "அந்த மாதம் கெடு தேதியை நீட்டித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவைப்பவர் அவர்தான். ஆண்டுதோறும் இடமாற்றம் செய்யும் வழக்கம் இந்தப் பிரிவைக் கொன்றுவிடும். தரவின் சூட்சுமம் பிடிபடவே ஓராண்டு ஆகும். நான்கு ஆண்டுகளாவது ஒருவர் அங்கே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் வெளியில் ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஆலோசனை நிறுவனத்திடமோ கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழும். வெளியாரின் உதவி தேவைதான். ஆனால் தனிநபர் வரி விவரங்களைப் பார்க்கும் அனுமதி, தரவு எப்படிப் பிறந்தது என்ற அறிவு, கண்டதை அடுத்த நாளே நடைமுறையில் சோதிக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வது துறைக்கு உள்ளேதான்.

படி 3: உங்கள் தரவு எங்கே பொய் சொல்கிறது என்று அறியுங்கள்

வரித் தரவு ஆய்வுக்காகப் பிறந்ததல்ல, வசூலுக்காகப் பிறந்தது. வசூலுக்குத் தேவைப்படாத கட்டங்கள் அதில் அலட்சியமாக நிரப்பப்பட்டிருக்கும். பதிவின்போது தொழில் வகையைக் கேட்டால், பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அந்தக் கட்டத்தை நம்பி "இந்தத் தொழிலில் இத்தனை பேர்" என்று எழுதினால் முதல் அறிக்கையிலேயே மானம் போகும்.

சில பொறிகளைச் சொல்கிறேன். திருத்தப்பட்ட கணக்கு வந்ததும் பழைய கணக்கை அழித்து எழுதிவிடும் கணினி அமைப்புகள் உண்டு. அப்படியானால் ஒருவர் முதலில் என்ன சொன்னார், கடிதம் போன பிறகு எதை மாற்றினார் என்பது என்றென்றைக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுத் தரவையும் உறைநிலைப் பிரதியாக எடுத்து வையுங்கள். இன்று பயனற்றதாகத் தோன்றும் அந்தப் பிரதி, ஐந்து ஆண்டுகள் கழித்துப் பொன்னாகும். அடுத்தது, வெற்றிடமும் பூஜ்யமும். வருமானம் இல்லை என்று சொன்னவரும் அந்தக் கட்டத்தையே தொடாதவரும் ஒன்றல்ல, ஆனால் பல தரவுத்தளங்களில் இருவருக்கும் 0 தான். பிறகு, படிவ மாற்றம். ஓராண்டு இரண்டு கட்டங்களை ஒன்றாக்கியிருப்பார்கள். வரைபடத்தில் அது பொருளாதார வீழ்ச்சி போலத் தெரியும்.

ஆகவே முதல் மூன்று மாதங்களில் ஒரு தரவு அகராதி எழுதுங்கள். ஒவ்வொரு கட்டமும் யாரால், எந்தப் படிவத்திலிருந்து, எந்த ஆண்டு முதல் நிரப்பப்படுகிறது, எவ்வளவு நம்பலாம் என்று அதில் இருக்கட்டும். ஆய்வாளர்களைச் சேவை மையத்தின் முகப்பிலும் தரவுப் பதிவு அறையிலும் ஒரு வாரம் உட்கார வையுங்கள். திரையில் கிடைக்காத பல விடைகள் அங்கே கிடைக்கும். கவர்ச்சியில்லாத இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. வருமான வரிப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா 1916-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அந்தத் தொடர் இன்றும் வெளிவருகிறது.

படி 4: தரவைப் பூட்டி வையுங்கள்

2007-இல் பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை இரண்டு குறுந்தகடுகளை அஞ்சலில் தொலைத்தது. அவற்றில் குழந்தைநல உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 2.5 கோடிப் பேரின் விவரங்கள் இருந்தன. துறையின் தலைவர் பதவி விலகினார்.

ஆய்வுப் பிரதியில் பெயர், முகவரி, அடையாள எண் எதுவும் இருக்கக் கூடாது. பதிலுக்குப் பொருளற்ற ஒரு குறியீடு இருக்கட்டும். குறியீட்டையும் உண்மை எண்ணையும் இணைக்கும் பட்டியல், ஆய்வுப் பிரிவுக்கு வெளியே வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். தரவு அறையை விட்டு முடிவுகள் மட்டுமே வெளியேற வேண்டும். வெளியிடும் அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் மிகச் சில பேரே அடங்கினால் அந்தக் கட்டத்தை மறையுங்கள். பத்து நிறுவனங்கள் அடங்கியிருந்தாலும், அவற்றில் ஒன்றே மொத்தத் தொகையில் பெரும்பங்கு வகித்தால் அதையும் மறையுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது யார் என்று கண் மூடித் திறப்பதற்குள் தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. கருத்துக் கணிப்பிலும் நேர்காணலிலும் மக்கள் உங்களிடம் சொன்னது தணிக்கைப் பிரிவின் கைக்கு ஒருபோதும் போகக் கூடாது. ஒருமுறை போனால், அதன்பின் உண்மை சொல்ல ஆளிருக்காது.

படி 5: குலுக்கல் முறைத் தணிக்கை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

வழக்கமான தணிக்கைக்குச் சந்தேகம் உள்ள கணக்குகளைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆயிரம் கணக்குகளைத் தோண்டி அறுநூறில் தவறு கண்டால், 60 விழுக்காடு மக்கள் ஏய்க்கிறார்கள் என்று பொருளாகாது. உங்கள் சந்தேகம் ஓரளவு சரி என்று மட்டுமே பொருள். வலையில் விழுந்த மீனை எண்ணிக் கடலை அளக்க முடியாது. கடலை அளக்க வேண்டுமென்றால், சந்தேகத்துக்கு இடம் தராத கணக்குகளுக்கும் குலுக்கலில் சம வாய்ப்புத் தந்து எடுக்க வேண்டும்.

அமெரிக்கா 1960-களில் தொடங்கி 1988 வரை இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தது. கணக்குப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆதாரம் கேட்டார்கள். 1995-இல் அடுத்த சுற்றுக்குத் திட்டமிட்டபோது, நேர்மையாளர்களையும் வாட்டுகிறது என்ற எதிர்ப்பும் நிதி வெட்டும் சேர்ந்து அதை நிறுத்தின. விளைவு, தணிக்கைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சூத்திரங்கள் பல ஆண்டுகள் பழைய தரவிலேயே ஓடின. 2001-ஆம் வரியாண்டுக்குப் புதிய வடிவில் சுமார் 46,000 கணக்குகளோடு மீண்டும் தொடங்கியபோது, கையில் ஏற்கெனவே உள்ள தகவலை முதலில் ஒப்பிட்டார்கள். அதிலேயே தெளிவானவற்றுக்கு வரி செலுத்துபவரைத் தொந்தரவு செய்யவில்லை. எதிர்ப்புக்குச் சரியான பதில் அதுதான். ஆய்வை விட்டுவிடக் கூடாது. சுமையைக் குறைக்க வேண்டும்.

டென்மார்க்கில் வரி நிர்வாகமும் பொருளியலாளர்களும் சேர்ந்து 40,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. முதலாளியோ வங்கியோ துறைக்கு நேரடியாகத் தெரிவிக்கும் வருமானத்தில் ஏய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. தாமே சொல்ல வேண்டிய வருமானத்தில் ஏய்ப்பு கணிசமாக இருந்தது. மக்கள் இரண்டு சாதியாக, நேர்மையாளர் என்றும் ஏய்ப்பவர் என்றும் பிரிந்திருக்கவில்லை. ஒரே நபர் ஒரு வருமானத்தில் துல்லியமாகவும் இன்னொன்றில் மறைத்தும் எழுதினார். அமெரிக்கக் கணக்கும் அதையே சொல்கிறது. 2014 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கான மதிப்பீட்டின்படி, மூலத்திலேயே வரி பிடித்து மூன்றாம் தரப்பும் தெரிவிக்கும் வருமானத்தில் சுமார் 1 விழுக்காடுதான் தவறாகக் காட்டப்பட்டது. யாரும் தெரிவிக்காத வகையில் அது சுமார் 55 விழுக்காடு. ஒழுக்கப் பிரசாரத்துக்குச் செலவிடும் பணத்தை, தகவல் வந்துசேரும் வழிகளைக் கட்டச் செலவிடுவது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

செய்முறைக்கு வருவோம். எளிய குலுக்கலில் 1,000 கணக்குகளை எடுத்து, அவற்றில் 12 விழுக்காட்டில் தவறு கண்டால், உண்மை அளவு ஏறக்குறைய 10-க்கும் 14-க்கும் இடையில் இருக்கும். பலருக்கு அந்தத் துல்லியம் போதும். ஆனால் வருமானம் சிலரிடம் குவிந்திருக்கும். எளிய குலுக்கலில் பெரும் செல்வந்தர் ஒருவர்கூட வராமல் போகலாம். எனவே வருமான அடுக்குகளாகப் பிரித்து, மேலடுக்கிலிருந்து கூடுதல் விகிதத்தில் எடுத்து, கணக்கிடும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உண்மைப் பங்குக்கு ஏற்ற எடை தந்து சரிசெய்யுங்கள். தேர்ந்த அலுவலர்களைக் கொடுங்கள். எந்த அலுவலரும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவதில்லை என்பதால், ஒரே வகைக் கணக்கில் அலுவலருக்கு அலுவலர் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துத் தப்பியதையும் மதிப்பிடுங்கள். தவறில்லை என்று முடிந்த தணிக்கையையும் அதே அக்கறையோடு பதிவுசெய்யச் சொல்லுங்கள். வசூல் இலக்கை வைத்து அலுவலரை மதிப்பிடும் இடத்தில், "தவறில்லை" என்று எழுத யாரும் விரும்பமாட்டார்கள். இந்தக் கணக்குகளை இலக்கிலிருந்து விலக்கியே ஆக வேண்டும்.

படி 6: வரி இடைவெளியை மதிப்பிடுங்கள், அதை வழிபடாதீர்கள்

சட்டப்படி வர வேண்டிய வரிக்கும் வந்த வரிக்கும் உள்ள வித்தியாசமே வரி இடைவெளி. அதைக் கணக்கிட இரண்டு வழிகள் உள்ளன. தேசியக் கணக்குகளிலிருந்து மொத்த நுகர்வை எடுத்து, வர வேண்டிய வரியைக் கணக்கிட்டு மேலிருந்து இறங்குவது ஒன்று; மதிப்புக் கூட்டு வரிக்கு இது பொருந்தும். குலுக்கல் தணிக்கையிலிருந்து கீழிருந்து மேலே கட்டுவது மற்றொன்று. வருமான வரிக்கு இதுவே சிறந்தது. பிரிட்டன் 2009 முதல் தன் மதிப்பீட்டை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. முறை மேம்படும்போது பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்துகிறது. அந்தத் துணிவு பின்பற்றத்தக்கது. மொத்தத் தொகையைவிட அதன் உட்பிரிவுகளே பயனுள்ளவை. அறியாமையால் எவ்வளவு, கவனக்குறைவால் எவ்வளவு, வேண்டுமென்றே எவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்தும் தெரியும்.

படி 7: கடிதத்தையும் சோதனை செய்யுங்கள்

வரித் துறை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கடிதங்கள் அனுப்புகிறது. அவற்றில் எது வேலை செய்கிறது என்று அறிய ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. பிரிட்டனில் வரி கட்டத் தாமதித்தவர்களுக்குச் சென்ற நினைவூட்டலில், பத்துக்கு ஒன்பது பேர் உரிய நேரத்தில் கட்டிவிடுகிறார்கள், நீங்கள் கட்டாத மிகச் சிலரில் ஒருவர் என்ற கருத்தைச் சேர்த்தபோது, முன்பைவிட அதிகம் பேர் விரைவில் கட்டினார்கள்.

உடனே அந்த வாக்கியத்தை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1995-இல் செய்த சோதனையில், நற்பண்பைத் தட்டியெழுப்பும் கடிதங்கள் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. "உங்கள் கணக்கு உன்னிப்பாக ஆராயப்படும்" என்ற கடிதத்துக்குக் குறைந்த, நடுத்தர வருமானத்தினர் கூடுதல் வருமானத்தைக் காட்டினார்கள். உயர் வருமானத்தினர் காட்டியதோ, கடிதம் பெறாதவர்களைவிடக் குறைந்தது! கடிதத்தைப் பேரத்தின் தொடக்கமாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு கடிதம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். சிலியில் லட்சக்கணக்கான நிறுவனங்களை உட்படுத்திய சோதனையில், எச்சரிக்கைக் கடிதத்தின் விளைவு பெரும்பாலும் கடைசி நுகர்வோருக்கு விற்கும் இடத்தில்தான் தெரிந்தது. நிறுவனம் நிறுவனத்துக்கு விற்கும்போது இருபுறமும் ரசீது இருப்பதால், அங்கே காகிதமே காவலாக இருந்தது.

எண்ணிக்கை விஷயத்தில் கவனம் தேவை. வழக்கமான கடிதத்துக்கு 30 விழுக்காட்டினரும் புதிய கடிதத்துக்கு 33 விழுக்காட்டினரும் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவிலும் 5,000 பேர் இருந்தால் அந்த வித்தியாசத்தை நம்பலாம். 500 பேர்தான் என்றால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம், எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. குழுவைப் பிரிப்பது குலுக்கலாக மட்டுமே இருக்கட்டும். ஒரு மண்டலத்துக்குப் பழையது, இன்னொன்றுக்குப் புதியது என்று பிரித்தால் மண்டல வேறுபாட்டையே அளப்பீர்கள். எதை வெற்றி என்று கொள்ளப்போகிறீர்கள் என்பதைக் கடிதம் அஞ்சலில் சேரும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள்.

படி 8: கணினி தரும் சந்தேகத்தைச் சந்தேகியுங்கள்

யாரைத் தணிக்கை செய்வது என்று மதிப்பெண் போடும் கணிமுறைகள் இன்று பல நாடுகளில் உள்ளன. அவற்றைக் கட்டுவதைவிடக் கண்காணிப்பதில்தான் உள்ளக ஆய்வின் பெரும் பயன் என்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் வரித் துறை நிர்வகித்த குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில், பல்லாயிரம் பெற்றோர்கள் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள்; குடும்பங்கள் கடனில் மூழ்கின. அபாயத்தைக் கணிக்கும் முறையில் குடியுரிமையும் ஓர் அடையாளமாக இருந்தது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித் துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

இன்னொரு நிகழ்வு நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பின மக்கள் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாகிறார்கள் என்று மதிப்பிட்டது. படிவத்தில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. ஆனாலும் பாகுபாடு நுழைந்துவிட்டது. காரணத்தைத் தோண்டக் கைகொடுத்தவை குலுக்கல் முறைத் தணிக்கைத் தரவுகள். உதவித்தொகை போன்ற வரிச்சலுகைகளில் உள்ள தவறுகளைத் துரத்தாமல், மொத்தமாக மறைக்கப்பட்ட வரித்தொகையைத் துரத்தியிருந்தால் அந்த வேறுபாடு இருந்திருக்காது என்று அதை வைத்துக் காட்டினார்கள். அந்த ஆண்டிலேயே துறையின் தலைவர் குறையை ஒப்புக்கொண்டார்.

உங்கள் கணிமுறையின் தேர்வையும் குலுக்கலின் தேர்வையும் ஆண்டுதோறும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணிமுறை, தான் முன்பு அனுப்பிய இடங்களிலிருந்து வந்த முடிவுகளையே பாடமாகப் படித்து, மீண்டும் அதே இடங்களுக்கு அனுப்பும். வெளியிலிருந்து புதிய காற்று வர, குலுக்கலைத் தவிர வேறு சாளரம் இல்லை.

படி 9: முடிவை மேசைக்குக் கொண்டுசேருங்கள்

அறிக்கை இரண்டு பக்கம் இருக்கட்டும். விளக்கங்கள் பின்னிணைப்பில் போகட்டும். முதல் பத்தியில், எந்த முடிவை எப்படி மாற்றப் பரிந்துரைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு பதிவேடு வைத்து ஒவ்வோர் ஆய்வுக்கும் எதிரே, பரிந்துரை ஏற்கப்பட்டதா, எப்போது, ஏற்கப்படாவிட்டால் ஏன் என்று எழுதிவாருங்கள். 70 லட்சம் பிள்ளைகள் கதையில் இடையில் ஆண்டுகள் வீணானதைப் போல உங்கள் துறையிலும் எங்கே வீணாகிறது என்பது அந்தப் பதிவேட்டில் தெரியும்.

எதிர்பார்த்த விளைவு கிடைக்காத சோதனைகளையும் வெளியிடுங்கள். அடுத்த அலுவலகம் அதே தவற்றுக்குப் பணம் செலவிடாமல் தப்பும். வெளி ஆய்வாளர்களுக்கும் கதவைத் திறந்து வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் அடையாளம் நீக்கிய வரித் தரவை, கருவூலத்தின் பாதுகாப்பான அறைக்கு வந்து ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனிலும் அத்தகைய ஆய்வுக்கூடம் உண்டு. உள்ளே இருப்பவருக்குத் தரவு தெரியும். வெளியே இருப்பவருக்கு அச்சமில்லை.

மூன்று பேர் மட்டுமே உள்ள சிறிய பிரிவுக்கு

மேலே உள்ள எல்லாவற்றையும் ஓராண்டில் செய்ய நினைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் தரவு அகராதியும் உறைநிலைப் பிரதியும். அடுத்த மூன்று மாதத்தில் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு நினைவூட்டல் கடிதத்தில் ஒரு சோதனை. இதற்குப் புதிய நிதி கேட்க வேண்டியதில்லை, விரைவில் பலன் தெரியும், மேலிடத்தின் நம்பிக்கையும் வளரும். அந்த நம்பிக்கையைக் கொண்டு ஆண்டின் பிற்பாதியில் சில நூறு கணக்குகளுக்குக் குலுக்கல் முறைத் தணிக்கைக்கு அனுமதி கேளுங்கள். ஒரே ஒரு தொழில் வகையில் தொடங்கினாலும் போதும். அந்தச் சில நூறு கோப்புகளில் முதல் ஐம்பதையாவது ஆய்வாளர்களே தணிக்கை அலுவலரின் பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகப் படிக்கட்டும்.